நியாயமான பயன்பாட்டுக் கொள்கை (அகலப்பட்டை)

நியாயமான பயன்பாட்டுக் கொள்கை என்பது, ஒரு மாதத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தரவைப் பயன்படுத்தும் வாடிக்கையாளரின் அகலப்பட்டை இணைப்பு வேகத்தை, அம்மாதத்தின் எஞ்சிய நாட்களுக்கு இணையச் சேவை வழங்குநர் குறைத்துவிடும் நடைமுறை ஆகும். இணைப்பு துண்டிக்கப்படுவதில்லை, கூடுதல் கட்டணமும் பெறப்படுவதில்லை. "அளவற்ற" பயன்பாடு என விற்கப்படும் திட்டங்களில் இவ்வரம்பு இடம்பெறுவதால், இது நியாயமானதா என்பது நெடுநாளாக விவாதிக்கப்பட்டு வருகின்றது.

பின்னணி

அகலப்பட்டை இணைப்பு பலரால் பகிர்ந்துகொள்ளப்படுவது. ஒரு தெருவில் ஐம்பது வீடுகள் இணைப்புப் பெற்றிருந்தாலும், அனைவருக்கும் ஒரே நேரத்தில் முழு வேகம் கிடைக்கும் அளவுக்கு வழங்குநர் கொள்ளளவை வைத்திருப்பதில்லை. 2009 இல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வீட்டு இணைப்புகளுக்கு இப்பகிர்வு விகிதம் 1:50 ஐயும், வணிக இணைப்புகளுக்கு 1:30 ஐயும் தாண்டக்கூடாது என்றன. சிலர் இடைவிடாது தரவிறக்கம் செய்தால் மற்றவர்களின் வேகம் குறையும் என்பதே கொள்கைக்குக் கூறப்படும் முதன்மைக் காரணம்.

சென்னையில்

சென்னையில் பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் டேட்டாஒன் சேவை 2005 இல் அறிமுகமானது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற பகுதிகளில் இது தொலைபேசி இணைப்பகங்களிலிருந்து செல்லும் செப்புக் கம்பிகள் வழியே வழங்கப்பட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபி நிறுவனம் உள்ளூர்க் கம்பிவடத் தொலைக்காட்சி இயக்குநர்கள் மூலம் இணைப்பு அளித்தது.

தொடக்ககாலத் திட்டங்கள் பலவற்றில் வேகக் குறைப்பு இல்லை. வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் தனிக் கட்டணம் இருந்தது. பி.எஸ்.என்.எல். திட்டங்கள் சிலவற்றில் அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரையிலான பயன்பாடு கணக்கில் சேர்க்கப்படவில்லை. எனவே பெரிய கோப்புகளை இரவில் இறக்கிக்கொள்ளும் வழக்கம் உருவாகியது. பின்னர் மிகைக் கட்டணத்தின் இடத்தை வேகக் குறைப்பு பிடித்தது. இதனால் எதிர்பாராத பெருந்தொகைப் பட்டியல்கள் குறைந்தன என்பது இம்முறையின் நன்மையாகும்.

வரம்பின் அளவு

2020 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். அறிமுகப்படுத்திய 449 ரூபாய் ஒளியிழைத் திட்டம், 3300 கிகாபைட் வரை நொடிக்கு 30 மெகாபிட் வேகத்தையும், அதன்பின் 2 மெகாபிட் வேகத்தையும் அளித்தது. முழு வேகத்தில் இடைவிடாது இறக்கினால் இவ்வரம்பை எட்டச் சுமார் பத்து நாட்கள் ஆகும். நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் அதே வரம்பு ஏறத்தாழ மூன்றே நாட்களில் தீர்ந்துவிடும். எனினும் வழக்கமான குடும்பம் ஒன்று இவ்வளவை எட்டுவது அரிது.

நியாயம் குறித்த வாதங்கள்

சிறிதளவே பயன்படுத்துவோர், மிகுதியாகப் பயன்படுத்துவோரின் செலவைச் சுமக்கக்கூடாது என்பது ஆதரிப்போர் வாதம். எதிர்ப்போர் இரு குறைகளைச் சுட்டுகின்றனர். முதலாவது, "அளவற்ற" என்ற சொல்லே வாங்குபவரைத் தவறாக வழிநடத்துகின்றது என்பது. இரண்டாவது, நெரிசல் ஏற்படுவது மாலை, இரவு நேரங்களில். வரம்போ மாத மொத்தத்தை மட்டும் அளக்கின்றது என்பது. வலையமைப்பு வெறுமையாக உள்ள அதிகாலை மூன்று மணிக்கு இறக்கியவரும், நெரிசலான இரவு ஒன்பது மணிக்கு இறக்கியவரும் ஒரே தண்டனையைப் பெறுகின்றனர். மேலும், வேகக் குறைப்பு நெரிசலற்ற நேரத்திலும் தொடர்கின்றது. பழைய இரவுநேரச் சலுகை இவ்வேறுபாட்டைக் கணக்கில் கொண்டிருந்தது.

ஒழுங்குமுறை

2012 சூலை 27 அன்று டிராய் பிறப்பித்த உத்தரவு, தரவு வரம்பு, வரம்பு வரையிலான வேகம், அதன்பிந்தைய வேகம் ஆகிய மூன்றையும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்றது. 2016 அக்டோபரில் வெளியான உத்தரவு, நிலைவழி அகலப்பட்டையில் குறைக்கப்பட்ட வேகம் நொடிக்கு 512 கிலோபிட்டுக்குக் கீழ் செல்லக்கூடாது என்றது. அகலப்பட்டையின் வரையறையும் 2004 இல் 256 கிலோபிட்டாக இருந்து, 2013 இல் 512 கிலோபிட்டாகவும், 2023 இல் 2 மெகாபிட்டாகவும் உயர்ந்தது.

குறை இருப்பின் முதலில் வழங்குநரிடமும், அடுத்து அதன் மேல்முறையீட்டு அமைப்பிடமும் முறையிடலாம். தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் ஆணையங்களும் விசாரிக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2022 இல் தீர்ப்பளித்தது.

வலை நடுநிலைமையுடன் வேறுபாடு

இக்கொள்கை எல்லாத் தளங்களின் வேகத்தையும் ஒன்றுபோலக் குறைப்பதால், குறிப்பிட்ட சேவையைத் தடுப்பதிலிருந்து வேறுபட்டது. அமெரிக்காவில் காம்காசுட்டு நிறுவனம் பிட்டொரென்ட் போக்குவரத்தில் குறுக்கிட்டது 2007 இல் வெளியானது. அதற்கெதிராக 2008 இல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் பிறப்பித்த ஆணையை, 2010 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. இந்தியாவில் உள்ளடக்கத்தின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதற்கு எதிரான டிராயின் 2017 பரிந்துரைகளை நடுவண் அரசு 2018 இல் ஏற்றுக்கொண்டது.