மூன்றரை நிமிட ஆபேரி

மயிலாப்பூரில் முசிறி சுப்பிரமணியம் சாலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் இசைத்தட்டு நினைவுக்கு வரும்: முசிறி சுப்பிரமணிய ஐயர் பாடிய ‘நகுமோமு’. மார்கழிக் கச்சேரியில் ராகம், நிரவல், ஸ்வரம் என்று விரித்தால் அந்த ஆபேரிக்கு அரைமணி நேரமும் போதாது. பழைய 78 சுற்றுத் தட்டிலோ ஒரு பக்கத்துக்குக் கிடைத்தது சுமார் மூன்றரை நிமிடம். அந்தக் கெடுவை விதித்தது கம்பெனிக்காரர்கள் என்றுதான் வெகுநாள் எண்ணியிருந்தேன். உண்மையில் விதித்தது, ஊசி ஓடும் பள்ளம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து அங்குலத் தட்டில் விளிம்பையும் நடு லேபிளையும் கழித்தால் ஆரத்தில் ஏறக்குறைய 2¾ அங்குலம் மிஞ்சும். அங்குலத்துக்கு 100 வரி என்றால் மொத்தம் 275 சுற்று. நிமிடத்துக்கு 78 சுற்று வீதம் மூன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

வரிகளை இன்னும் நெருக்கக் கூடாதா? அங்கேதான் மிருதங்கம் குறுக்கே வருகிறது. தட்டில் ஒலி என்பது பள்ளத்தின் பக்கவாட்டு நெளிவு. ஒலி எவ்வளவு ஓங்கியதோ, எவ்வளவு கனத்ததோ, நெளிவு அவ்வளவு அகலம். தொப்பியில் விழும் ஓர் அடி அடுத்த வரியையே வெட்டிவிடக்கூடும். பிறகு ஊசி தடம் மாறி ஓடும். மிருதங்கத்தின் நாதத்துக்கு இடம்விட்டால் பாட்டின் நேரம் குறைந்தது.

இத்தனையும் முதலில் கீறப்பட்டது மெழுகில். 1925இல் மின் ஒலிப்பதிவு வருவதற்கு முன் மைக் கிடையாது. பாடகர் ஒரு பெரிய புனலின் வாயருகே நின்று பாடுவார். மறுகோடியில் மெல்லிய தகடு அதிர, அதோடு இணைந்த ஊசி மெழுகைக் கீறும். ஊசியை அசைத்த விசை முழுக்க முழுக்க மனிதக் குரலுடையது! எனக்கு இன்றும் இது வியப்புத்தான். மைக் வந்த பிறகும் மெழுகு போகவில்லை. அதை அழித்துத் திருத்த வழியில்லை. சரியாக விழுந்ததா என்று போட்டுக் கேட்டாலே கீறல் கெடும். மூன்றாவது நிமிடத்தில் நாக்குப் பிறழ்ந்தால் புது மெழுகில் பல்லவியிலிருந்து தொடங்க வேண்டியதுதான். 1926இல் எம்.எஸ். சுப்புலட்சுமி தம் முதல் இசைத்தட்டுக்குப் பாடியபோது அவருக்கு வயது பத்து.

இந்த நெருக்கடியால் இசை வறண்டுபோனதாக நான் நினைக்கவில்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைத் தட்டில் கேளுங்கள். கோயில் வீதியில் இரவு நீள வாசித்த ராகம் அது. இங்கே எடுத்த எடுப்பிலேயே தோடி முழுசாக வந்து நிற்கிறது. சுற்றி வளைக்க நேரமில்லாததால் ராகத்தின் உயிர்ப்பிடி முதல் மூச்சிலேயே வந்தாக வேண்டியிருந்தது.

கேட்பவர் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். பெயர்தான் 78, தொடக்க காலப் பதிவுகளில் வேகம் ஒரே சீராக இல்லை. 72 சுற்றில் பதிந்த தட்டில் பாடகருக்குப் பதினெட்டு விநாடி கூடுதலாகக் கிடைத்திருக்கும். அதை இன்று 78இல் சுழற்றினால் காலப்பிரமாணம் எட்டு சதவீதம் கூடும். ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையையும் தாண்டி ஒலிப்பார். பிருகா இன்னும் பொரிந்து கேட்கும். ‘அந்தக் காலத்துச் சாரீரம்’ என்று வியக்குமுன் சுழல்வேகத்தை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

தட்டின் வெளிவிளிம்பில் ஊசிக்கடியில் விநாடிக்கு 98 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும். லேபிளை நெருங்கும்போது அது 41 ஆகச் சுருங்கிவிடும். மேல்ஸ்தாயியின் நுண்ணிய நெளிவுகள் அங்கே ஒன்றோடொன்று நெருங்கிக் கிடப்பதால் ஊசிமுனை அவற்றுக்குள் நுழையாமல் மேலோடு போய்விடும். சரணம் முடியும் இடத்தில் குரல் மங்கிக் கேட்பது அதனால்தான். பாடியவர் அப்போதும் முழுக் குரலில்தான் பாடிக்கொண்டிருந்தார்.