எண்ணெய் எதையும் மறைக்காது

உடல், கழுத்து, பிக்அப், கம்பி என்று தனித்தனிப் பாகங்களாகப் பெட்டியில் வரும் எலெக்ட்ரிக் கிட்டாரை வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்பவர்கள் உலகெங்கும் உண்டு. அந்தப் பெட்டியில் உடல் பெரும்பாலும் வெறும் மரமாகவே இருக்கும். தடவினால் வழவழப்பு, எண்ணெய் பூசினால் வேலை முடிந்தது என்று தோன்றும். பூசிய சில நிமிடங்களில் குட்டு வெளிப்படும். கண்ணுக்குத் தெரியாமல் இருந்த கீறல்கள் வரிவரியாகக் கறுக்கும். பசை படிந்த இடம் வெளிறிய திட்டாகத் துருத்தும்.

காரணம் ஒளியில் இருக்கிறது. மரத்துக்குள் இருப்பவை காற்று நிரம்பிய நுண்ணிய குழல்கள். காற்றின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1. குழல்களின் சுவரான செல்லுலோஸுக்கு அது சுமார் 1.53. இவ்வளவு வேறுபாடு இருப்பதால் ஒவ்வொரு சுவரிலும் ஒளி சிதறி, மேற்பரப்பிலிருந்தே திரும்பிவிடுகிறது. இழைத்த மரம் வெளிறித் தெரிவது இதனால்தான். எண்ணெயின் எண் சுமார் 1.48. காற்று இருந்த இடத்தில் அது புகுந்ததும் சிதறல் குறைகிறது. ஒளி ஆழமாக இறங்கி, மரத்தின் நிறத்தை ஏந்திக்கொண்டு வெளிவருகிறது. பெயின்ட் மரத்தை மூடும். எண்ணெய் மரத்தைத் திறந்து காட்டும். நல்லதைக் காட்டுவது போலவே குறையையும் காட்டும். ஆகவே முக்கால்வாசி வேலை எண்ணெய் டப்பாவைத் திறக்கும் முன்பே முடிந்துவிட வேண்டும்.

முதல் கேள்வி: இது உண்மையிலேயே வெறும் மரம்தானா? சில தொழிற்சாலைகள் மெல்லிய சீலர் பூசியே அனுப்புகின்றன. ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்க்கலாம். ஊறினால் மரம் திறந்திருக்கிறது. முத்தாக உருண்டு நின்றால் மேலே ஏதோ அடைத்திருக்கிறது, எண்ணெயும் உள்ளே போகாது. பசைத் திட்டைக் கண்டுபிடிக்க டர்பன்டைன் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். அந்த ஈரம் ஆவியாகும்வரை, எண்ணெய் பூசினால் மரம் எப்படித் தெரியும் என்பதற்கு அது முன்னோட்டம்.

அடுத்தது உப்புத்தாள். 120, 180, 220, 320 என்று எண் ஏற ஏறத் துகள் சிறுக்கும். பி120 தாளின் துகள் சுமார் 125 மைக்ரான். பி320-இல் சுமார் 46. உப்புத்தாள் கீறலை அழிப்பதில்லை. பெரிய கீறலைத் தேய்த்து, அந்த இடத்தில் சிறிய கீறலை வைக்கிறது. 120-இலிருந்து நேரே 320-க்குத் தாவினால் மேடுகள் மட்டும் பளபளக்கும், பள்ளங்கள் அப்படியே நிற்கும். இழை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் இழைகள் அறுபடும். அறுபட்ட முனைகள் அதிக எண்ணெய் குடித்துக் கறுக்கும்.

மரத்தின் வெட்டுமுனைகளில் இதே விஷயம் பெரிய அளவில் நடக்கிறது. 1950-களின் டெலிகாஸ்டர் கிட்டார்களுக்குப் பயன்பட்ட ஆஷ் மரத்தில், வசந்தத்தில் வளர்ந்த குழல்கள் கால் மில்லிமீட்டர் அளவுக்குக்கூட அகலமானவை; வெறும் கண்ணுக்கே தெரியும். கிட்டார் உடலின் கொம்புகளிலும் அடிப்பக்க ஓரத்திலும் அவை வாய் திறந்து நிற்கின்றன. அங்கே மட்டும் இன்னும் ஒரு படி நைசான தாள் போட்டால் உறிஞ்சுவது குறைந்து, நிறம் மற்ற இடங்களோடு ஒத்துப்போகும். கழுத்து பொருந்தும் குழிக்குள் மட்டும் தாளைக் கொண்டுபோகக் கூடாது. அங்கே தேய்ந்தால் கழுத்து ஆட்டம் காணும்.

கடைசியில் ஈரத்துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும். இயந்திரத்தில் நசுங்கிப் படுத்திருந்த இழைகள் நீரைக் குடித்து உப்பி எழும். காய்ந்ததும் சொரசொரவென்று நிற்பவற்றை 320 தாளால் மெல்ல வருடி எடுத்துவிட்டால், மறுபடி ஈரம் பட்டாலும் அவ்வளவாக எழாது.

இப்போது எண்ணெய். எல்லா எண்ணெயும் இதற்கு ஆகாது. தேங்காய் எண்ணெயைப் பூசினால் அது காயவே காயாது. கிரிக்கெட் மட்டைக்குத் தடவும் ஆளி விதை எண்ணெய் காயும். ஆனால் தண்ணீர் காய்வது போல் ஆவியாகி அல்ல. அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ பாதி, மூன்று இரட்டைப் பிணைப்புகள் கொண்ட லினோலெனிக் அமிலம். அந்தப் பிணைப்புகள் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுக்கின்றன. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து வலையாகி, திரவம் திடமாகிறது. காயத் தொடங்கிய எண்ணெய் எடை குறைவதற்குப் பதிலாகக் கூடுவது இதனால்தான்.

இந்த வினை வெப்பத்தையும் வெளியிடுகிறது. பலகையில் மெல்லிய படலமாகப் பரவியிருக்கும்போது வெப்பம் காற்றோடு போய்விடும். துடைத்த துணியைக் கசக்கிக் குவித்துப் போட்டாலோ வெப்பம் உள்ளேயே சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே துணி பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23-இல் ஃபிலடெல்ஃபியாவின் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசாவில் தீ தொடங்கியது இப்படித்தான். 22-ஆம் மாடியில், மரவேலைக்குப் பயன்படுத்திய ஆளி விதை எண்ணெய்த் துணிகளை விட்டுப் போயிருந்தார்கள். தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தனர். மேலேறிய தீ 30-ஆம் மாடியில் இருந்த தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பான்களால்தான் அடங்கியது.

ஆகவே தயாரிப்புப் பட்டியலில் இன்னொன்றும் சேர்கிறது: பயன்படுத்திய துணியை வீட்டுக்கு வெளியே ஒற்றையாக விரித்துக் காயவைக்க ஓர் இடம், அல்லது தண்ணீர் ஊற்றி மூடிவைக்க ஒரு தகர டப்பா. அதை ஏற்பாடு செய்த பிறகே எண்ணெயைத் தொட வேண்டும்.