காருக்குப் பீங்கான் கவசம் வேண்டுமா?

என்னிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர் குளச்சலில் குடியிருக்கிறார், பணி நாகர்கோவிலில். நாள்தோறும் சென்று வருவதற்காகக் கடன் பெற்றுச் சிறு கார் ஒன்று வாங்கினார். செராமிக் கோட்டிங் என்னும் பூச்சைப் பூசிக்கொண்டால் கடற்காற்றின் உப்பு வண்டியை அண்டாது என்று யாரோ அவரிடம் கூறியிருக்கிறார்கள். அதற்காகும் தொகையோ அவருடைய இரண்டு மாதத் தவணைக்குச் சமம். பூசலாமா என்று கேட்க என் வீட்டுக்கு வந்தார். அவருக்கு நான் கூறியதையே மாணவ நண்பர்களாகிய உங்களுக்கும் கூற விரும்புகிறேன்.

செராமிக் என்றால் பீங்கான். ஆனால் இப்பூச்சில் களிமண்ணும் இல்லை, சூளையும் இல்லை. சிலிக்கான் சேர்மங்கள் அடங்கிய திரவத்தைக் காரின் வண்ணத்தின்மேல் தேய்க்கிறார்கள். காற்றிலுள்ள ஈரத்தோடு அது வினைபுரிந்து, கண்ணாடியை ஒத்த படலமாக இறுகுகிறது. ஆகவே இதனைப் பீங்கானின் தம்பி என்பதைவிடக் கண்ணாடியின் தம்பி என்பதே பொருத்தம். படலத்தின் கனம் பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரான்தான். நம் தலைமயிர் ஒன்றின் கனமோ ஏறத்தாழ 70 மைக்ரான்!

விளம்பரங்களில் '9 எச் கடினம்' என்று காண்கிறோம். வைரத்தைப் பத்தாகக் கொள்ளும் மோ அளவுகோலில் இது ஒன்பதாவது படி என்று எண்ணி மயங்குவோர் பலர். உண்மையில் இது பென்சில் முனைகளால் பூச்சைக் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆடிக்காற்று அள்ளிவரும் மணலுக்குப் பென்சிலின் மென்மை கிடையாது.

அப்படியானால் பயனே இல்லையா? உண்டு. நாஞ்சில் நாட்டுக் குளங்களில் தாமரையிலை மேல் நீர் முத்தாக உருள்வதைக் கண்டிருப்பீர்கள். இலையின் மெழுகும், கண்ணுக்குப் புலனாகா நுண்மேடுகளுமே அதற்குக் காரணம் என்பதை ஜெர்மானியத் தாவரவியலார் பார்த்லாட் முதலானோர் 1997-இல் விளக்கினர். காரின் பூச்சும் நீரை ஒட்டவிடாது. ஆனால் அந்த மேடுகள் அதில் இல்லாமையால் தாமரையிலையின் திறத்தை எட்டாது. அழுக்கு எளிதில் கழுவப்படும். பளபளப்பு நெடுநாள் நிற்கும். கழுவுகிற உழைப்பு குறையுமேயன்றிக் கழுவாமலே இருக்க முடியாது. உவர்க்கிணற்று நீர்த்துளி அப்படியே காய்ந்தால் பூச்சின்மேலும் வெண்புள்ளி படியும்.

இனி உப்புக்கு வருவோம். கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1-இல் திறக்கப்பெற்ற 133 அடித் திருவள்ளுவர் சிலையை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் சிலிக்கான் வகைப் பூச்சு பூசுகிறார்கள். எனினும் முதலில் காகிதக் கூழை அப்பிக் கல்லில் ஊறிய உப்பை உறிஞ்சி எடுத்த பிறகே பூசுகிறார்கள். அதையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பச் செய்கிறார்கள். சிலையின் மேற்பரப்பு முழுவதும் காற்றுக்கு இலக்கு. ஆகவே அங்கே அது தேவை.

காரின் நிலை வேறு. அதன் வெளித்தகட்டை வண்ணமே காக்கிறது. துரு தொடங்குவது கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவு, அடித்தட்டு, கல் தெறித்த வடு ஆகிய இடங்களில். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, இரும்பு அரிக்கும் மின்வேதி வினையை விரைவுபடுத்துகிறது. மினுக்குவதற்காகப் பூசும் பூச்சு அவ்விடங்களுக்குப் பெரும்பாலும் செல்வதே இல்லை. என் பழைய காரின் கூரையை நானே மெழுகிட்டு மினுக்கி வந்தேன். ஒருநாள் கதவின் அடியில் விரல் வைத்தபோது தகடு உதிர்ந்தது! கூரை அன்றும் கண்ணாடிபோல் மின்னியது.

ஆதலால் அந்த மாணவரிடம், வெயிலில் நிற்கும் வண்டியின் அழகைப் பேணவும் கழுவும் நேரத்தை மிச்சப்படுத்தவும் கையில் உபரிப்பணம் இருந்தால் பூசலாம், உப்புக்கு அஞ்சிக் கடன்மேல் கடன்பட்டுப் பூச வேண்டா என்றேன். அடித்தட்டுக்குத் துருத்தடுப்புப் பூச்சு, வாரம் ஒருமுறை நல்ல நீரால் அடிப்பகுதியையும் சேர்த்துக் கழுவுதல், கதவடி வடிகால் துளைகளை அடைபடாமல் வைத்தல், கல்பட்ட வடுவை உடனே வண்ணத்தால் மூடுதல் ஆகியவற்றைச் சொன்னேன். வடிகால் துளை என ஒன்று இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. வாசலில் நின்ற வண்டியருகே இருவரும் குனிந்து தேடினோம். வலப்பக்கக் கதவில் ஒரு துளை அதற்குள்ளாகவே மணலால் அடைபட்டிருந்தது.