ஞாயிற்றுக்குச் சிவப்பு மட்டும் போதுமா?

ஆந்திர மாநிலம் திருப்பதி மாவட்டத்தில், ஆரணியாற்று நீர்த்தேக்கத்தை ஒட்டி அமைந்த ஊர் பிச்சாட்டூர். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஊத்துக்கோட்டைச் சாலையில் சென்றால் தமிழக எல்லை வந்துவிடும். தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் இவ்வட்டாரத்தில் சுவரில் சிவகாசித் தமிழ்க் காலண்டர் தொங்கும். காரியாலய மேஜையில் ஆந்திர அரசு விடுமுறைகளைக் கொண்ட காலண்டர் நிற்கும். இப்போது கம்ப்யூட்டர் திரையிலும் ஒரு காலண்டர் வந்து சேர்ந்திருக்கிறது.

இவை எல்லாம் ஒன்றையே சொல்வதில்லை. 2025 ஜனவரியில் ஆந்திர அரசு 13, 14, 15 ஆகிய நாட்களில் போகி, சங்கராந்தி, கனுமா விடுமுறை அளித்தது. தமிழகத்திலோ 14, 15, 16 ஆகியவை பொங்கல், திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள். தமிழகக் காலண்டரில் 16ஆம் தேதி சிவப்பாக இருப்பதைப் பார்த்து, ஆந்திரத்தில் வேலை செய்யும் குமாஸ்தா வீட்டில் இருந்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு நாள் லீவு கழியும். தினக்கூலிக்காரர் என்றால் ஒரு நாள் கூலியே போய்விடும்.

ஆகவே காலண்டரின் நிறம் வெறும் அலங்காரச் செய்தி அல்ல. வயிற்றுப்பாட்டோடு சேர்ந்த செய்தி.

கண்ணுக்கு ஒரு கணக்கு

நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு வெள்ளெழுத்து வருகிறது. இன்னும் வயதானால் கண்புரை. வெளிறிய எழுத்து இவர்களுக்குப் பின்னணியோடு கரைந்துபோகும். இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. இணையத்துக்கான தரங்களை வகுக்கும் ‘டபிள்யு3சி’ என்ற உலக அமைப்பு 2008 டிசம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, எழுத்தின் ஒளிக்கும் பின்னணியின் ஒளிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற விகித வேறுபாடு இருக்க வேண்டும். சுமார் எண்பது வயதினருக்கு வழக்கமாக உள்ள பார்வைக் குறைவை மனத்தில் கொண்டே இந்த அளவு வைக்கப்பட்டது. 18 புள்ளி அளவுள்ள பெரிய எழுத்துக்கும், 14 புள்ளி தடித்த எழுத்துக்கும் 3க்கு 1 போதும்.

வெள்ளையில் கறுப்பு 21க்கு 1. இதுவே உச்சம். ஆனால் திரையில் காட்டும் கலப்பற்ற சிவப்பு வெள்ளைப் பின்னணியில் ஏறத்தாழ 4க்கு 1 மட்டுமே! பெரிய தேதி எண் தேறிவிடும். அதே சிவப்பில் பொடி எழுத்தில் போட்ட பண்டிகைப் பெயர் தேறாது. சிவப்பைச் சற்று அடர்த்தியாக்கினால் இக்குறை தீரும்.

இது திரைக்கு வகுத்த கணக்கு. ஆயினும் சாமி படத்தின் மேல் ராகு காலத்தையும் எமகண்டத்தையும் பொடி எழுத்தில் அச்சிட்ட காலண்டரைக் கையில் எடுத்தவர்களுக்கு, காகிதத்துக்கும் இது பொருந்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விதி மட்டும் போதாது

அப்படியானால் எல்லாத் தேதிகளையும் கன்னங்கரேலென அச்சிட்டுவிட்டால் தொல்லை தீர்ந்ததா? இல்லை. அங்கேதான் வேறு தொல்லை தொடங்குகிறது.

திரையில் வரும் மாதக் காலண்டரில் பெரும்பாலும் ஆறு வரிசை, ஏழு பத்தி, ஆக 42 கட்டங்கள். முப்பது நாள் மாதத்தில் மீதி 12 கட்டங்களில் முந்திய மாதத்துத் தேதிகளும் அடுத்த மாதத்துத் தேதிகளும் வந்து நிற்கும். எல்லாம் ஒரே கறுப்பாக இருந்தால் 30ஆம் தேதி இரண்டு இடத்தில் தென்படலாம். தவணை கட்ட வேண்டிய நாள் எந்த 30? அதனால்தான் அவற்றை வெளிறிய சாம்பல் நிறத்தில் போடுகிறார்கள். ஆனால் மிகவும் வெளிறினால், போன மாதக் கடைசியில் எடுத்த லீவைக் கணக்குப் பார்க்கும் குமாஸ்தாவுக்கு அது கண்ணில் படாது.

கம்ப்யூட்டரில் கறுப்பு 0, வெள்ளை 255 என்று கொண்டால், வெள்ளைப் பின்னணியில் 118 வரையுள்ள சாம்பல் விதிப்படி தேறும்; 119 தேறாது. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை எந்தக் கண்ணுக்கும் தெரியாது. விதி ஒரு வேலிதான். வேலிக்குள் பயிர் செய்வது காலண்டரை அமைப்பவர் பொறுப்பு.

சிவப்பின் மேல் சிவப்பு

2025இல் யுகாதி மார்ச் 30ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஞாயிறும் சிவப்பு, பண்டிகையும் சிவப்பு. அன்று பண்டிகை என்பதை நிறம் எப்படிச் சொல்லும்? ஒரே நிறம் இரண்டு சேதிகளைச் சுமக்க முடியாது.

மேலும், சிவப்பு நிறத்தை உணராத கண்கள் உண்டு. பிறவியிலேயே வரும் இக்குறை பெண்களைவிட ஆண்களிடம் அதிகம். அவர்களில் சிலருக்குச் சிவப்பு மங்கிக் கறுப்பைப் போலவே தெரியும். ஞாயிறும் திங்களும் அவர்களுக்கு ஒன்றே! இதனால்தான் நிறத்தை மட்டுமே அடையாளமாக வைக்கலாகாது என்று அதே விதிகள் கூறுகின்றன.

வழி இருக்கிறது

செலவு மிகுந்த வழிகள் அல்ல. ஞாயிறு எண்ணைச் சிவப்பாக்குவதோடு தடித்த எழுத்திலும் போடலாம். அரசு விடுமுறைக்கு ஒரு புள்ளியோ நட்சத்திரமோ இட்டு, பெயரைக் கறுப்பில் எழுதலாம். பிற மாதத் தேதிகளை அடர்ந்த சாம்பலில் சிறிய எண்ணாக வைக்கலாம். தேவையில்லாத இடத்தில் கட்டத்தை வெறுமையாகவே விடலாம். திரையில் இன்றைய தேதியைச் சுற்றித் தடித்த கட்டம் போடலாம். எல்லையோர ஊர்களுக்கு அச்சிடும்போது ஆந்திர விடுமுறைக்கு ஓர் அடையாளமும், தமிழக விடுமுறைக்கு வேறோர் அடையாளமும் வைப்பது பேருதவி.

காலண்டரைச் சோதிக்கவும் எளிய முறை உண்டு. மாதத்தாள் ஒன்றைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். அதில் ஞாயிறும் விடுமுறையும் புலப்படுகின்றனவா? மாலை வெளிச்சத்தில், கண்ணாடியின்றி, கை நீட்டிய தூரத்தில் தேதி தெரிகிறதா? இரண்டும் ஆம் என்றால் அது நல்ல காலண்டர்.

ஆடிப்பெருக்கை ஒட்டிப் புதிய ஆண்டின் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது சிவகாசி வழக்கம். வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க ஆர்டர் தரும் கடைக்காரர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள். படத்தை ஒருமுறை பார்ப்பார்கள். தேதியையோ ஆண்டு முழுவதும் பார்க்க வேண்டும். ஆல்பத்தைப் புரட்டும்போது வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் தாளைக் காட்டி, “இது என்ன தேதி, என்ன கிழமை?” என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுப்பது நலம்.