வாய்தா நாளைத் தவற விடலாமா?

கொல்லிமலையில் காப்பிப் பழமும் மிளகும் பறிக்கும் நாட்களில், 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கோர்ட்டுக்குப் போய்வருவது ஒரு நாள் வேலையைக் கெடுக்கும். ஆனால் போகாமலிருந்தால் நிலமே கைவிட்டுப் போகக்கூடும்.

நில வழக்கில் சம்மன் பெற்ற பிரதிவாதி ஆஜராகாவிட்டால், எதிர்த் தரப்பை மட்டும் விசாரித்து ‘எக்ஸ்பார்ட்டி’ தீர்ப்பு அளிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. வழக்குப் போட்டவரே வராவிட்டால் வழக்கு தள்ளுபடியாகும்.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பான நாளிலிருந்து 30 நாட்களுக்குள், தக்க காரணம் காட்டி அதை ரத்து செய்ய மனுச் செய்யலாம். சம்மன் முறைப்படி சேராதிருந்தால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து 30 நாட்கள். கெடு கடந்துவிட்டால், தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனுவும் தேவை. ஆகவே சம்மன் வந்த தேதியைக் குறித்து வைத்தல் அவசியம்.

கிரிமினல் வழக்கில் விதித்த அபராதத்தைக் கட்டாவிட்டால், நிலவரிப் பாக்கி போலவே கலெக்டர் மூலம் வசூலிக்கக் கோர்ட்டு உத்தரவிடலாம். அபராதம் மட்டுமே தண்டனையாயின் 2 அல்லது 3 தவணைகளில் செலுத்த அனுமதி கேட்கலாம்.

வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மலைவாழ் விவசாயிகள் நாமக்கல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். சம்மன் கைக்கு வந்த அன்றே இதைச் செய்தல் நலம்.