மார்பகக் கட்டியும் குடும்ப வரலாறும்

மார்பகத்தில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இளம்பெண்களுக்கு வருவது பெரும்பாலும் விரலுக்குப் பிடிபடாமல் நழுவும் நார்க்கட்டி. நாற்பதை ஒட்டிய வயதில் நீர்க்கட்டிகள் அதிகம். வலி இல்லையென்றால் ஆபத்தில்லை என்று பலர் நினைப்பதுதான் தவறு. புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. மருத்துவர் கையால் சோதித்து, வயதுக்கேற்ப ஸ்கேனோ மேமோகிராமோ எடுக்கச் சொல்வார். சந்தேகமிருந்தால் ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பார்.

மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதமே பரம்பரை மரபணுக் கோளாற்றால் உண்டாகின்றன. அதற்குக் காரணமான ஒரு மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருப்பதை 1990-இல் அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங் காட்டினார், 1994-இல் பி.ஆர்.சி.ஏ.1 என்ற அந்த மரபணு பிரித்தறியப்பட்டது. தாய், தந்தை இருவரில் யாரிடம் பழுதுள்ள மரபணு இருந்தாலும் அது பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. நம் வீடுகளில் தாய்வழியை மட்டுமே விசாரிப்பார்கள். அப்பாவின் அம்மாவுக்கோ அத்தைக்கோ வந்ததும் அதே அளவு முக்கியம். ஐம்பது வயதுக்கு முன் வந்த மார்பகப் புற்று, சினைப்பைப் புற்று, ஆணுக்கு வந்த மார்பகப் புற்று ஆகியவற்றை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று கட்டியை விட்டுவைக்கவும் கூடாது. இந்நோய் வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு அப்படியொரு குடும்ப வரலாறே இல்லை.