குடற்புற்றின் பரவலும் உடலின் தூதுப் பொருள்களும்

பெருங்குடலில் தோன்றும் புற்றுநோய் அவ்விடத்திலேயே நின்றிருப்பின், அறுவை சிகிச்சையினால் பெரும்பாலும் குணமாகும். பிற உறுப்புகளுக்குப் பரவியபின் ஆபத்து மிகுகிறது. குடலின் இரத்தம் பெரும்பாலும் முதலில் கல்லீரலை அடைவதால், கட்டியிலிருந்து பிரிந்த புற்றணுக்கள் பலவும் அங்கேயே தங்குகின்றன.

இப்பரவலில் உடலின் காவற்படைக்கும் பங்குண்டு. புண் ஏற்படுமிடத்து வெள்ளணுக்கள் சைட்டோகைன் எனப்படும் புரதங்களைச் சுரந்து, பிற உயிரணுக்களுக்குச் செய்தி அனுப்புகின்றன. புண் ஆறியதும் இச்செய்தி ஓய வேண்டும். புற்றுக்கட்டியிலோ அது ஓய்வதில்லை. கட்டிகளினுள் வெள்ளணுக்கள் இருத்தலை ஜெர்மானிய அறிஞர் விர்க்கோ 1863-ஆம் ஆண்டிலேயே சுட்டினார்.

இன்டர்லூகின்-6 என்னும் சைட்டோகைன், புற்றணுவினுள் ஸ்டாட்-3 என்ற புரதத்தைத் தூண்டி, அது மடியாது பெருகத் துணைபுரிகிறது. டி.ஜி.எஃப்.-பீட்டா என்பது முற்றிய புற்றில் அணுக்களின் பிணைப்பைத் தளர்த்தி, அவை இடம்பெயர வழிசெய்கிறது. புற்றைக் கொல்லவல்ல டி-அணுக்களையும் அடக்குகிறது. ஆயினும் தூதுப் பொருள்கள் யாவும் பகையல்ல. டி-அணுக்கள் சுரக்கும் இன்டர்பெரான்-காமா பெரிதும் புற்றை எதிர்ப்பதே. குடற்கட்டியில் டி-அணுக்கள் செறிந்திருந்தால் நோயாளி பிழைக்கும் வாய்ப்பு மிகுதி என்பதைப் பாரிஸ் ஆராய்ச்சியாளர் 2006-இல் எடுத்துக்காட்டினர்.

பரவுமுன் நோயை அறிதலே தலையாய காப்பு. அந்தமானில் ஷாதிபூர் முதலிய இடங்களில் வீடுதோறும் செல்லும் ஊழியரும், ஆசிரியரும் இதனை மக்களுக்கு உணர்த்தலாம். மலத்தில் இரத்தம், நீடித்த மலப்போக்கு மாறுதல், காரணம் விளங்காத இரத்தசோகை ஆகியவற்றை மூலநோய் என்றோ உணவுக்குறை என்றோ தாமே முடிவு செய்து வாளாவிருத்தல் ஆகாது. காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும்.